சங்கிலிக்கு அடியில் குனிந்த தலைமை நீதிபதி

1851 ஏப்ரல் முதல் வாரத்தில் பாஸ்டன் நகர நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். உள்ளே தாமஸ் சிம்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அடைக்கப்பட்டிருந்தார். கொத்தனார் வேலை தெரிந்தவர். ஜார்ஜியா மாநிலத்தில் நெற்பண்ணை வைத்திருந்த ஒருவரின் 'உடைமை'யாக இருந்து, கப்பலில் ஒளிந்து தப்பி வந்தவர். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஷாட்ராக் மின்கின்ஸ் என்பவரை இதே கட்டடத்திலிருந்து பாஸ்டனின் கறுப்பின மக்கள் கூட்டமாகப் புகுந்து மீட்டு, கனடாவுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். இன்னொரு முறை ஏமாற அதிகாரிகள் தயாராக இல்லை. அதனால்தான் சங்கிலி.

நீதிமன்றத்துக்குள் போக வேண்டியவர்கள் அந்தச் சங்கிலிக்கு அடியில் குனிந்து நுழைந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிபதி லெமுவேல் ஷாவும் குனிந்தார். அப்போது அவருக்கு 70 வயது, பருத்த உடம்பு. அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது. சுதந்திரத்தின் தொட்டில் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நகரம். அதன் முதல் நீதிபதி தெற்கத்திய முதலாளிகளின் சங்கிலிக்குத் தலை வணங்குகிறார். பேச்சாளர்களும் பத்திரிகைகளும் அந்தக் காட்சியை விடவே இல்லை.

தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் சட்டம் செல்லும் என்று சொல்லி, சிம்ஸை விடுவிக்க ஷா மறுத்தார். ஆனால் 15 ஆண்டுகளுக்கு முன்னால், இதே நீதிபதியின் தீர்ப்பைத்தான் அதே போராளிகள் கொண்டாடியிருந்தார்கள். இரண்டு தீர்ப்புகளும் எப்படி ஒரே தலையிலிருந்து வந்தன என்று கேட்டுப் பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சட்டம் எப்படி உருவானது என்பதும் கூடவே புலப்படும்.

ஷா 1781 ஜனவரி 9 அன்று கேப் காட் பகுதியில் உள்ள பார்ன்ஸ்டபிளில் பிறந்தார். அப்பா கிறித்தவ சபைப் போதகர்; பெரிய சொத்து கிடையாது. 1800இல் ஹார்வர்டில் பட்டம். கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர், கொஞ்ச நாள் பத்திரிகை வேலை, பிறகு சட்டம். 1804இல் வழக்கறிஞரானார். நீதிமன்றத்தில் முழங்கும் ரகம் அல்ல. வணிகர்களுக்கும் வங்கிகளுக்கும் ஆவணம் எழுதிக் கொடுத்து, ஆலோசனை சொல்லி, மெல்ல மெல்லப் பெயர் எடுத்தவர். மாநில சட்டமன்றத்தில் சில ஆண்டுகள் இருந்தார். 1822 வரை பாஸ்டன் ஒரு பேரூராகத்தான் நிர்வாகம் செய்யப்பட்டு வந்தது. அதை நகரமாக மாற்றிய சாசனத்தை எழுதியதில் முக்கியக் கை அவருடையது.

1830இல் தலைமை நீதிபதி பதவி காலியானதும் ஆளுநர் லீவை லிங்கன் ஷாவைக் கேட்டார். ஷா தயங்கினார். வழக்கறிஞராக அவர் சம்பாதித்துக்கொண்டிருந்ததற்கு முன்னால் நீதிபதியின் சம்பளம் அற்பம். அரசியல் பெருந்தலையான டேனியல் வெப்ஸ்டர் நேரில் போய், சுருட்டுப் புகைக்கு நடுவே விடாமல் பேசி, ஒப்புக்கொள்ள வைத்தார் என்பது பாஸ்டன் வழக்கறிஞர்கள் விரும்பிச் சொன்ன கதை. அப்போது ஷாவுக்கு 49 வயது. அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. எழுதிய தீர்ப்புகள் ஏறத்தாழ 2,200.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நீதிமன்றம் என்றாலே நமக்கு வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையைத் தொட்ட சட்டம் பெரும்பாலும் மாநிலச் சட்டமே. ஒப்பந்தம், விபத்து, நிலம், கொலை வழக்கு, பள்ளிக்கூடம் எல்லாம் மாநில நீதிமன்றங்களின் கையில் இருந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த, பழைய தீர்ப்புகளால் ஆன பொதுச் சட்டத்துக்கு ரயில் தெரியாது, நூற்பாலை தெரியாது. ஷா பதவியேற்றபோது மாசசூசெட்ஸில் நீராவி ரயில் ஓடவில்லை. 1835க்குள் பாஸ்டனிலிருந்து மூன்று தடங்கள் கிளம்பிவிட்டன. சட்டமன்றம் யோசித்து முடிப்பதற்குள் வழக்குகள் வந்து நின்றன. யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்லும் துணிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மிசிசிப்பி 1832இலும் நியூயார்க் 1846இலும் நீதிபதிகளை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறின. மாசசூசெட்ஸ் மாறவில்லை. ஆளுநர் நியமிப்பார், ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை பதவி நிலைக்கும். ஷா யாரிடமும் வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1836இல் மெட் என்ற ஆறு வயதுச் சிறுமியின் வழக்கு அவர் முன் வந்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து மேரி ஸ்லேட்டர் என்ற பெண் பாஸ்டனில் உள்ள தன் தந்தை தாமஸ் ஏவ்ஸைப் பார்க்க வந்தார். கூடவே அடிமைச் சிறுமி மெட்டையும் அழைத்து வந்தார். பாஸ்டன் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தினர் விஷயத்தை அறிந்து ஆட்கொணர்வு மனு போட வைத்தார்கள். உரிமையாளர் தரப்பின் வாதம் எளிமையானது: குடியேற வரவில்லை, விருந்தாளியாக வந்திருக்கிறோம்; எங்கள் மாநிலச் சட்டப்படி எங்களுடையது எங்களுடையதுதான்.

ஷா ஏற்கவில்லை. அடிமை முறை இயற்கை உரிமைக்கு எதிரானது. அதை நிலைநிறுத்துவது அந்தந்த இடத்தின் சட்டம் மட்டுமே. அந்தச் சட்டத்தின் எல்லை முடிந்ததும் அடிமைத்தனமும் முடிந்தது. 1780இன் மாசசூசெட்ஸ் அரசியல் சாசனம் எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்கிறது. இந்த மண்ணில் மெட் எவர் உடைமையும் அல்ல. சிறுமி விடுவிக்கப்பட்டாள். வட மாநிலங்கள் பலவும் பின்பற்றிய தீர்ப்பு இது.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கதவை அவர் திறந்தே வைத்தார். உரிமையாளர் தானாக அழைத்து வந்தவருக்குத்தான் இந்த விதி. தப்பி ஓடி வந்தவர் விஷயம் வேறு. அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கூட்டாட்சி அரசியல் சாசனம் சொல்லிவிட்டது. மெட்டுக்காக மகிழ்ந்தவர்கள் இந்த வரியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. சிம்ஸின் விதி அந்த வரியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

ஷாவின் பெயரைச் சட்டக் கல்லூரிகளில் நிலைக்க வைத்த ஆண்டு 1842. மெட்கால்ஃப் தொகுத்த மாசசூசெட்ஸ் தீர்ப்புத் திரட்டின் நான்காம் தொகுதியை எடுத்தால், 49ஆம் பக்கத்தில் ஒரு வழக்கு, 111ஆம் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் தொழிலாளர் சம்பந்தப்பட்டவை. ஒன்று தொழிலாளரை ஏமாற்றியது, மற்றது தூக்கிவிட்டது.

முதலாவது நிக்கோலஸ் ஃபார்வெலின் வழக்கு. பாஸ்டன்–வூஸ்டர் ரயில் நிறுவனத்தில் எஞ்சின் ஓட்டுநர். நாள் கூலி இரண்டு டாலர். 1837 அக்டோபரில், தடம் மாற்றும் ஊழியர் ஒருவர் தண்டவாளத்தைத் தவறான நிலையில் விட்டுவிட, எஞ்சின் தடம் புரண்டு ஃபார்வெலின் வலது கை நசுங்கிப் போனது. நிறுவனத்திடம் 10,000 டாலர் நஷ்டஈடு கேட்டார். பயணி ஒருவரின் கை போயிருந்தால் நிறுவனம் பொறுப்பேற்றிருக்கும். ஊழியருக்கு?

கிடையாது என்றார் ஷா. அபாயமான வேலைக்கு ஒப்புக்கொள்பவர் அபாயத்தையும் ஒப்புக்கொள்கிறார். அதற்கும் சேர்த்துத்தான் கூலி பேசப்படுகிறது. சக ஊழியரின் கவனக்குறைவும் அந்த அபாயங்களில் ஒன்று. ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தால், ஒழுங்காக வேலை செய்யாதவரைப் பற்றிப் புகார் சொல்லலாம். பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம். ஓடும் எஞ்சினின் மேல் நின்றுகொண்டு எத்தனையோ மைலுக்கு அப்பால் உள்ள தடம் மாற்றுபவரை ஃபார்வெல் எப்படிக் கண்காணித்திருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வி எழுப்பப்படாமலும் இல்லை. துறை வேறாக இருந்தாலும் முதலாளி ஒருவர்தானே, விதி மாறாது என்று ஷா அதைத் தாண்டிச் சென்றார்.

'சக ஊழியர் விதி' என்று பெயர் பெற்ற இந்தக் கோட்பாட்டின் விதை 1837இல் இங்கிலாந்தில் விழுந்திருந்தது. ஷாவின் தர்க்கத்தோடு அது அமெரிக்கா முழுவதும் பரவியது. கை, கால், உயிர் இழந்த ரயில்வே, சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் எண்ணற்றோர் இந்த ஒரே சுவரில் மோதித் திரும்பினார்கள். மாசசூசெட்ஸ் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது 1911இல்தான். இங்கிலாந்தின் வழியாக இதே கோட்பாடு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. அதை ஒழிப்பதற்கென்றே 1938இல் முதலாளிகள் பொறுப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

111ஆம் பக்கத்துக்குப் போவோம். பாஸ்டன் பூட்ஸ் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏழு பேர். தங்கள் சங்கத்தில் இல்லாதவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்வதில்லை என்று கூடி முடிவெடுத்தார்கள். கூலி உயர்வுக்காகக் கூடுவதே கூட்டுச் சதி, கூட்டுச் சதி குற்றம் என்பது பழைய நிலைப்பாடு. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை உறுதியானது. அவர்களுக்காக மேல்முறையீட்டில் வாதாடியவர் ராபர்ட் ரான்டூல் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர். ஷாவோ எதிர்முகாமின் பழைமைவாதி.

ஷா தண்டனையை ரத்து செய்தார். பலர் சேர்ந்தார்கள் என்பதாலேயே ஒரு செயல் குற்றமாகிவிடாது. அவர்கள் அடைய நினைத்தது குற்றமாக இருக்க வேண்டும், அல்லது அதற்குக் கையாண்ட வழி குற்றமாக இருக்க வேண்டும். தன் உழைப்பை யாருக்குக் கொடுப்பது என்று ஒருவர் முடிவு செய்யலாம் என்றால், பத்துப் பேர் சேர்ந்தும் முடிவு செய்யலாம். இதனால் ஒரு முதலாளிக்கு நஷ்டம் வரலாம்; போட்டிக் கடை திறந்தாலும்தான் நஷ்டம் வரும். அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றை எழுதும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத தீர்ப்பு. வேலைநிறுத்தங்களுக்கு எதிரான நீதிமன்றத் தடையுத்தரவுகள் பிற்பாடு வேறு வழியாக வந்தன என்பது தனிக் கதை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பலர், ஒன்றில் முதலாளிக்குக் கொடுத்ததை மற்றதில் தொழிலாளிக்குத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் உள்ளது ஒரே மனிதச் சித்திரம்தான்: சொந்தப் புத்தியுள்ள, சுதந்திரமான, பேரம் பேசத் தெரிந்த ஒரு மனிதர். அவர் சங்கம் சேரலாம். அவரை யாரும் தடுக்கக் கூடாது. அதே மனிதர் அபாயமான வேலையையும் ஏற்கலாம். பிறகு கையைக் காட்டி அழக் கூடாது. ஷாவின் சட்ட உலகம் முழுவதும் ஒப்பந்தங்களால் ஆனது. இரண்டு டாலர் கூலியில் ஒருவருக்கு எவ்வளவு பேரம் பேச முடியும் என்பது அந்த உலகத்தின் பார்வைக்கு வெளியே இருந்தது.

இடையில் ஒரு நாய்ச் சண்டை. ஜார்ஜ் கெண்டால், ஜார்ஜ் பிரவுன் என்ற இருவரின் நாய்கள் கடித்துக் குதற, அவற்றைப் பிரிக்கக் கெண்டால் கிட்டத்தட்ட நான்கடிக் கழி ஒன்றை ஓங்கினார். பின்னால் நின்ற பிரவுனின் கண்ணில் அது பட்டுவிட்டது. பழைய சட்டப்படி, நேரடியாக அடி விழுந்தால் அடித்தவர் பொறுப்பு. வேண்டுமென்று செய்தாரா என்பது இரண்டாம்பட்சம். 1850இல் ஷா அதை மாற்றினார். சாதாரணமாக ஒரு விவேகி எடுக்கும் கவனத்தை எதிராளி எடுக்கத் தவறினார் என்று வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டும். இன்றைய கவனக்குறைவுச் சட்டத்தைப் படிக்கும் அமெரிக்க மாணவர்கள் இந்த நாய்களைச் சந்திக்காமல் போவதில்லை. ரயில் நிறுவனங்களுக்கு இது எவ்வளவு வசதியாக அமைந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஷாவை வெறும் முதலாளி தரப்பு நீதிபதி என்று முடித்துவிட முடியாது. சைரஸ் ஆல்ஜர் என்ற தொழிலதிபர் தன் சொந்த நிலத்தில், ஆனால் துறைமுகத்துக்கு அரசு வகுத்த எல்லைக்கு அப்பால், படகுத்துறை கட்டினார். கப்பல் போக்குவரத்துக்கு அது எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. ஆனாலும் 1851இல் ஷா அவரைக் குற்றவாளி என்றார்: பொதுநலனுக்கு ஊறு வராத வகையில் பயன்படுத்த வேண்டும் என்ற உள் நிபந்தனையோடுதான் எல்லாச் சொத்தும் வைத்திருக்கப்படுகிறது. நகரத் திட்டமிடல் முதல் சுகாதார விதிகள் வரை பிற்கால அமெரிக்க ஒழுங்குமுறைகள் பலவும் இந்தத் தீர்ப்பில் சாய்ந்து நின்றன.

பொதுமக்களிடையே அவரைப் பிரபலமாக்கியது ஒரு கொலை வழக்கு. 1849 நவம்பரில் பாஸ்டனின் பெரும் பணக்காரரான ஜார்ஜ் பார்க்மன் காணாமல் போனார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டர் அவருக்குக் கடன்பட்டிருந்தார். கல்லூரிப் பணியாளர் ஒருவர் ஆய்வுக்கூடத்தின் அடியில் சுவரை உடைத்துப் பார்த்தபோது மனித உடலின் பாகங்கள் கிடைத்தன. உலையில் கிடைத்த பொய்ப்பற்களைப் பல் மருத்துவர் அடையாளம் காட்டினார். 1850 மார்ச்சில் நடந்த விசாரணையைப் பார்க்கக் கூட்டம் அலைமோத, திருப்பதி தரிசனம் போல வரிசையில் விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்வையாளரை மாற்றினார்கள். அப்படி உள்ளே வந்து போனவர்கள் சுமார் 60,000 பேர். ஷா ஹார்வர்டு நிர்வாகக் குழுவிலும் உறுப்பினர் என்பது அன்று யாருக்கும் பெரிய உறுத்தலாகத் தெரியவில்லை.

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கு. 'நியாயமான சந்தேகம்' என்றால் என்ன என்பதை ஷா ஜூரிக்கு விளக்கினார். அடிக்கடி சொல்லப்படும் சொல், ஓரளவு புரிந்த சொல், ஆனால் வரையறுக்க எளிதல்ல என்று தொடங்கினார். மனித விவகாரம் எதிலும் ஏதோ ஒரு கற்பனைச் சந்தேகம் இருக்கவே செய்யும், அது போதாது. சான்றுகளை எல்லாம் ஒப்பிட்டு எடை போட்ட பிறகும் மனசாட்சிக்கு நிச்சயம் ஏற்படவில்லை என்றால், அதுதான் நியாயமான சந்தேகம். வெப்ஸ்டர் குற்றவாளி என்று முடிவாகி, ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிடப்பட்டார். ஷாவின் அந்த விளக்கத்தை மாசசூசெட்ஸ் நீதிபதிகள் 2015 வரை ஜூரிகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டில்தான் மாநில உயர் அமர்வு அதைத் தற்கால மொழியில் திருத்தி எழுதியது.

அதே காலகட்டத்தில் இன்னொரு சிறுமி. சாரா ராபர்ட்ஸ், ஐந்து வயது. வெள்ளையர் பிள்ளைகளுக்கான ஐந்து பள்ளிகளைக் கடந்து கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஸ்மித் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அச்சுத் தொழில் செய்த அவள் தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ், பாஸ்டன் நகரத்தின் மீது வழக்குப் போட்டார். வாதாடியவர்கள் சார்லஸ் சம்னரும், நாட்டின் முதல் கறுப்பின வழக்கறிஞர்களில் ஒருவரான ராபர்ட் மோரிஸும். சம்னர் முன்வைத்த சொற்றொடர் 'சட்டத்தின் முன் சமத்துவம்'.

மெட்டை விடுவிக்க ஷாவுக்குக் கைகொடுத்த அதே சாசன வரியைத்தான் சம்னரும் எடுத்தார். இந்த முறை அந்த வரி சுருங்கிவிட்டது. சமத்துவம் உயர்ந்த கொள்கைதான். ஆனால் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் ஒரே ஏற்பாடு என்று அதற்குப் பொருள் இல்லை. பள்ளிக் குழு யோசித்து எடுத்த முடிவு நியாயமானதாகவே தோன்றுகிறது என்றார் ஷா. தனிப் பள்ளிகள் சாதி வேற்றுமையை ஆழமாக்கும் என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில்: அந்தத் தப்பெண்ணம், இருக்குமானால், சட்டத்தால் உண்டானதல்ல; அநேகமாகச் சட்டத்தால் மாற்றக் கூடியதும் அல்ல.

மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1855இல் சட்டம் போட்டு மாற்றிக் காட்டியது. இனத்தின் பெயரால் பள்ளியில் பிள்ளைகளைப் பிரிப்பது அந்த மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. ஆனால் சொந்த மாநிலத்தில் செத்துப்போன தீர்ப்பு வெளியே பிழைத்துக்கொண்டது. 1896இல், 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாட்டுக்கு முத்திரை குத்திய பிளெஸ்ஸி வழக்கில், கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஷாவின் இந்தத் தீர்ப்பைத்தான் துணைக்கு அழைத்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 வரை அந்த நிழல் நீண்டது. ஷாவின் தீர்ப்புகளில் எனக்கு மிகவும் பலவீனமாகப் படுவது இதுதான். சிம்ஸ் வழக்கிலாவது கூட்டாட்சி சாசனம் அவர் கையைக் கட்டியிருந்தது என்று சொல்லலாம். சாரா விஷயத்தில் அவர் கையை யாரும் கட்டவில்லை.

சிம்ஸுக்காக வாதாடியவர்களில் ஒருவர், பூட்ஸ் தொழிலாளர்களை மீட்ட அதே ரான்டூல். 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி விசாரித்தவர் நீதிபதி கூட அல்ல, ஓர் ஆணையர். ஆளைத் திருப்பி அனுப்பினால் ஆணையருக்குக் கட்டணம் பத்து டாலர், விடுவித்தால் ஐந்து. ஜூரி இல்லை. இப்படி ஒரு சட்டம் செல்லுமா என்று ரான்டூல் கேட்டார். செல்லும் என்றார் ஷா. தனித்தனி அரசுகளாக இருந்த மாநிலங்கள் சண்டையின்றி ஒன்றாக வாழ்வதற்குச் செய்துகொண்ட உடன்படிக்கையே அரசியல் சாசனம். ஓடியவரைத் திருப்பி அனுப்புவது அதன் ஒரு ஷரத்து. ஷரத்தை மீறினால் ஒன்றியம் உடையும். மறுபடியும் ஒப்பந்தம். ஃபார்வெல் பெயரளவுக்காவது ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு. சிம்ஸ் எதிலும் கையெழுத்திட்டவர் அல்ல.

ஏப்ரல் 12 விடியலுக்கு முன், நூற்றுக்கணக்கான காவலர்கள் புடைசூழ சிம்ஸை நடத்திச் சென்று 'ஏகார்ன்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். சவானாவில் இறக்கியதும் 39 கசையடி.

அடிமை முறையை ஷா ஆதரித்தவர் அல்லர். 1820இலேயே அதைத் தீமை என்று கட்டுரை எழுதியவர். இந்த முரணை அருகிலிருந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார்: மருமகன், நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில். ஷா இளமையில் மணமுடிக்க நிச்சயித்திருந்த நான்சி, மெல்விலின் அத்தை. திருமணத்துக்கு முன்பே 1813இல் இறந்துபோனார். அந்தக் குடும்பத்தோடு ஷாவின் பந்தம் அறவில்லை. 1846இல் மெல்வில் தன் முதல் புத்தகத்தை ஷாவுக்குச் சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டு ஷாவின் மகள் எலிசபெத்தை மணந்தார். புத்தகங்கள் விற்காத ஆண்டுகளில் வீடு வாங்கவும் பயணம் போகவும் பணம் கொடுத்தவர் மாமனார்தான்.

ஷா 1860 ஆகஸ்டில், 79 வயதில் பதவி விலகினார். அந்த டிசம்பரில், தெற்கு மாநிலங்கள் பிரியத் தொடங்கியபோது, தப்பி வந்தவர்களுக்குப் பாதுகாப்பளித்த மாசசூசெட்ஸ் சட்டங்களை நீக்கும்படி கேட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார். 1861 மார்ச் 30 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்து உள்நாட்டுப் போர் தொடங்கியது. பிற்பாடு அதே நீதிமன்றத்தில் அமர்ந்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், சமூகத்தின் தேவைகளை ஷா அளவுக்குத் துல்லியமாக உணர்ந்த நீதிபதிகள் அரிது என்று எழுதினார். எந்தச் சமூகம், யாருடைய தேவை என்று ஹோம்ஸிடம் ஃபார்வெலோ சாராவின் அப்பாவோ கேட்டிருக்கக் கூடும்.

சிம்ஸ் 1863இல், போரின் நடுவே, மறுபடியும் தப்பிப் பாஸ்டன் வந்து சேர்ந்தார். 1851இல் அவரைக் காவலில் வைத்துக் கப்பலேற்றிய கூட்டாட்சி மார்ஷலின் பெயர் சார்லஸ் டெவன்ஸ். அந்த வேலை அவர் மனதை அரித்திருக்க வேண்டும். பின்னாளில் சிம்ஸின் விடுதலையை விலைக்கு வாங்கவும் முயன்றார். 1877இல் டெவன்ஸ் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஆனபோது, வாஷிங்டனில் தன் நீதித் துறையில் சிம்ஸுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். அந்தப் பதவிக்கு முன்னும் பின்னும் டெவன்ஸ் உட்கார்ந்திருந்தது, ஷா 30 ஆண்டுகள் தலைமை வகித்த அதே நீதிமன்றத்தில்.